காசிம் பாய் விசில் அடித்த வளைவு

நான் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. பெருமைக்காக எழுதவில்லை, பெருமைப்படுகிற தெம்பெல்லாம் முழங்காலோடு போய்விட்டது. கொடைக்கானல் மலை ஒருநாள் பாட்டிலும் கவருமாக நிற்கும் என்று சொன்னேன், நின்றது. அரசாங்கம் சட்டம் போடும் என்றேன், போட்டது. என் டீக்கடைப் பேச்சை யாரோ ஒட்டுக்கேட்டுக் கோட்டையில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் போட்டாலும் குப்பை குறையாது என்றேன். அதை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காசிம் பாய் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விடுவார் என்பதையும் நான்தான் முதலில் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை வெள்ளனே அவர் மகன் சாதிக் போன் செய்தான்.

"மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே."

"எனக்குத் தெரியும்" என்றுதான் என் வாயில் வந்தது. அந்த நேரத்தில் சொல்லுகிற வார்த்தையா அது? சொல்லிவிட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

நம் டெப்போவில் பாயைத் தெரியாதவர் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பழனி–கொடைக்கானல் வண்டியில் அவர் கண்டக்டர், நான் டிரைவர். பதினோரு வருடம் ஒரே வண்டி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அந்த மலையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் என்னைக் கேட்டுத்தான் வளையும். மேகம் இறங்கி முன்கண்ணாடி வெள்ளைத்துணி மாதிரி ஆகிவிட்டாலும், வாடையை வைத்தே வடகவுஞ்சிப் பிரிவு வந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். என்னை அந்த மலையில் ஒரே ஒரு ஆள்தான் நிறுத்த முடிந்தது. அது பாயின் விசில். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ.

எங்கள் முதல் டிரிப்பிலேயே அந்த ஒற்றை விசில் வந்தது. நல்ல ஏற்றம். ஆள் ஏற நிற்கிறார் போல என்று நிறுத்தினேன். பார்த்தால், வெளியூர்க் குடும்பம் ஒன்று புளியோதரை தின்றுவிட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறது.

"அண்ணே, கொஞ்சம் எறங்கி அதை எடுத்துட்டு வந்துருங்க" என்றார் பாய், எறிந்தவரிடம்.

"எதுக்குங்க? காலிப் பொட்டலம்தான?"

"அதுவும் கொடைக்கானலுக்குத்தான ஏறுச்சு? நடுவழியில எறங்குறதுக்கு அதுக்கு ஸ்டாப்பிங் கெடையாதுங்க."

வண்டியே சிரித்தது. அந்த ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க கண்டக்டரா, இல்ல கார்ப்பரேசனா?"

"கார்ப்பரேசன்தாங்க. டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேசன்னு சட்டையிலயே எழுதிருக்கு பாருங்க."

அந்த ஆள் இறங்கிப் போய் எடுத்துவந்தார். எனக்குத்தான் ஆத்திரம். ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுப்பது என்றால் என்னவென்று என் இடதுகாலுக்குத்தான் தெரியும். "ஏத்தத்துல நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்தா, புதுக் கிளட்சு உங்க அத்தாவா வாங்கித் தருவாரு?" என்று கேட்டேன்.

"எங்க அத்தா உசுரோட இருந்தா ரிவர்ஸ்ல போயி எடுக்கச் சொல்லிருப்பாரு மச்சான். நான் தங்கமானவன். வண்டிய எடு."

பின்படிக்கட்டுக் கம்பியில் ஒரு கோணிச்சாக்கு கட்டி வைத்திருப்பார். டிக்கெட் கிழிக்கும்போதே தின்பண்டம் வைத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்வார். மேலே போய்ச் சேர்ந்ததும் நான் டீ குடிக்கப் போவேன். அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முனிசிபாலிட்டித் தொட்டிக்குப் போவார். என்ன கிறுக்குத்தனம் இது என்று டைம்கீப்பர் தலையில் அடித்துக்கொள்வார். மலை ஜனங்களுக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. பீன்ஸ் மூட்டையோடு ஏறுகிற வடகவுஞ்சி அம்மா ஒருத்தி அவரை வம்புக்கு இழுக்காமல் இறங்க மாட்டாள்.

"ஏப்பா கண்டக்டரு, வெத்தலச் சக்கையத் துப்புனாலும் விசிலடிப்பியா?"

"அது மண்ணுக்குப் போறதும்மா, அடிக்க மாட்டேன். ஆனா நீ துப்புறது பின்சீட்டுக்காரரு சட்டைக்குல்ல போகுது? அதுக்கு என்ன சட்டம்னு நீயே சொல்லு."

டெப்போவில் கிளை மேலாளர் ஒருமுறை அவரை நிற்கவைத்துக் கேட்டார். "குப்பையக் கேக்குறதுக்குச் சட்டம் இருக்கு, ஆளு இருக்கு. உன் சோலி டிக்கெட் கிழிக்கிறது. அதப் பாருய்யா." பாய் கையைக் கட்டிக்கொண்டு சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "சட்டம் இருக்குங்கய்யா. குனியறதுக்குத்தான் ஆளில்ல."

அந்த மனிதரை மலையிலிருந்து இறக்கியது ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். இந்தக் கதையை நான் நூறு கல்யாணத்தில் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள். வடகவுஞ்சிப் பிரிவுக்குக் கீழே ஒரு வளைவு. எனக்குப் பின்சீட்டில் பட்டணத்து ஆசாமி. கறுப்புக் கண்ணாடி, ஐந்து விரலிலும் மோதிரம், ஆளே ஒன்றரை ஆள் பருமன். காலி பாட்டிலை ஜன்னலில் வீசினான். விசில். நிறுத்தினேன். "எடுத்துட்டு வாங்க" என்றார் பாய். "நான் யார் தெரியுமா?" என்றான் அவன். "பாட்டிலோட ஓனரு" என்றார் பாய். முணுமுணுத்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கியவன் அப்படியே சிலையாகிவிட்டான். பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காட்டுமாடு, நம் வண்டி உயரத்துக்கு, பிளாஸ்டிக் கவர் ஒன்றை மென்றுகொண்டு நிற்கிறது. பாதிக் கவர் வாய்க்குள்ளே, பாதி வெளியே. அது விலகுகிறவரை அவனும் ஏறவில்லை, வண்டியும் நகரவில்லை. பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. அந்த வரிசையில் பெரிய அதிகாரி ஒருவரின் கார்.

கல்யாண வீட்டில் இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

விசாரணையில் பாயிடம் ஒரே கேள்வி. நிறுத்தம் இல்லாத இடத்தில், ஏற்றத்தில், வளைவில் வண்டி எதற்காக நின்றது? எறிந்தவரின் பெயரைச் சொல்லிவிட்டால் பழியில் பாதி அந்த ஆள் தலைக்குப் போயிருக்கும்.

"பாட்டில எறிஞ்சது யாருய்யா?"

"ஒரு பயணிங்க."

"எந்த சீட்டு? பேரு, ஊரு?"

"தெரியாதுங்க."

தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். எந்தச் சீட்டில் யார், எங்கே ஏறினார், பையில் என்ன என்று ஒப்பிக்கிற மனுஷன். அவரைத் தாராபுரம் ரூட்டுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறுகிறவரை அந்த மலையில் அவர் டிக்கெட் கிழிக்கவே இல்லை. மூன்று தடவை மனுப் போட்டார். மூன்றும் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு காலை டிரிப்புக்கு நான் பழனி பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கிற நேரத்தில், தன் வண்டியை விட்டுவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்து நிற்பார்.

"அந்த வளைவுல எப்படி மச்சான், குப்பை இன்னும் கெடக்கா?"

"கெடக்கு பாய்."

"சரி. பாத்துப் போ."

எத்தனை வருடம் என்று நினைக்கிறீர்கள்? ஒரே கேள்வி, ஒரே பதில். ஒருநாளாவது "இல்லை பாய், சுத்தமாக இருக்கிறது" என்று பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்கிறவன் நான். அந்தப் பொய் மட்டும் எனக்கு வரவில்லை.

இருவரும் ஓய்வு பெற்றபின், இந்தப் பாட்டில் தடைச் சட்டம் வந்த புதிதில், அவரை வலுக்கட்டாயமாக மேலே கூட்டிப்போனேன். பயணிகளாக, பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. செக்போஸ்டில் வண்டியை நிறுத்திப் பை பையாகத் துழாவினார்கள். சின்னச் சின்ன தண்ணீர் பாட்டிலெல்லாம் ஓரமாகக் குவியலானது. "பாத்தியா பாய்? உன் விசிலை கவர்மெண்டே வாங்கி ஊதுது!" என்றேன். அவர் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது என்றுதான் நினைக்கிறேன். வண்டி புறப்பட்டு நாலு வளைவு ஏறியிருக்காது, முன்சீட்டிலிருந்து சிப்ஸ் கவர் ஒன்று பறந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பாயின் கை தானாக நெஞ்சுப்பக்கம் போனது, விசில் தொங்குகிற இடத்துக்கு. அங்கே ஒன்றுமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சட்டம் செக்போஸ்ட்லயே எறங்கிருச்சு மச்சான். நாம மட்டுந்தான் மேல போறோம்."

கொடைக்கானல் வந்து சேரும்வரை சீட்டில் சாய்ந்தே வந்தார். அவர் அப்படி ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு அவர் மலை ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கபர்ஸ்தானில் அடக்கம். டெப்போ ஆட்கள் வந்திருந்தீர்கள், பார்த்தேன். நல்ல வெயில். யாரோ புண்ணியவான் எல்லோருக்கும் தண்ணீர் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்புகிறபோது பாதை நெடுகப் பாக்கெட்டுகள். நாம்தான் போட்டோம். ஒருவரைச் சொல்லவில்லை, என் பாக்கெட்டும் அதில் இருந்தது. சாதிக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நானும் குனிந்தேன். முழங்கால் மடங்கவில்லை.

பொறுக்கிக்கொண்டே அவன் கேட்டான். "மாமா, அத்தாவ மலையிலருந்து எறக்குனானே அந்த ஆளு, அவன் யாரு? அத்தாட்ட கேட்டா, விடுடா, அவரு நல்ல மனுசன்டான்னுதான் சொல்லுவாங்க. நீங்களாவது சொல்லுங்க. நான் சண்டைக்குப் போகல. அத்தா போயிட்டாங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

நான் கறுப்புக் கண்ணாடியைச் சொன்னேன். ஐந்து மோதிரம், ஒன்றரை ஆள் பருமன், எல்லாம் சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பு இல்லாமல் அந்தக் கதை என் காதுக்கே எப்படியோ இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இரங்கல் கூட்டத்தில் இதை வாசிக்கும்போது சாதிக் முன்வரிசையில் இருப்பான். இருக்கட்டும்.

சாதிக், கறுப்புக் கண்ணாடிக்காரன் என்று யாரும் அந்த வண்டியில் இல்லை. மோதிரமும் இல்லை. காட்டுமாடு மட்டும் நிஜம், அதன் வாயில் இருந்த கவரும் நிஜம். பாட்டிலை எறிந்தது நான். டிரைவர் ஜன்னல் வழியாக, யோசிக்காமல், தண்ணீர் தீர்ந்துபோன கையோடு. பின்னாலிருந்து பார்த்த உன் அத்தா பயணி என்று நினைத்து விசில் அடித்துவிட்டார். பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டேன். முன்னால் வந்து என்னைப் பார்த்தார். ஏற்றத்தில் டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. அதனால் பள்ளத்தில் இறங்கியது அவர். காட்டுமாடு விலகுகிறவரை தன்னந்தனியாக நின்றதும் அவர்தான். அப்போது என் மேல் ஏற்கெனவே ஒரு விசாரணை இருந்தது, தடுப்புச்சுவரில் உரசியதற்கு. மலையே என்னைக் கேட்டுத்தான் வளையும் என்று மேலே எழுதினேனே, அந்த ஆள்தான் உரசினேன். இன்னொரு மெமோ வந்தால் மலைப்பாதை ஓட்டுகிற அனுமதி போய்விடும். அது அவருக்குத் தெரியும். விசாரணை அறைக்கு வெளியே வந்து என் தோளில் தட்டினார். "நீ மலைய ஓட்டு மச்சான். சமதளத்து வண்டியிலயும் சன்னல் இருக்கு."

நான் ஓட்டினேன். ஓய்வு பெறுகிறவரை ஓட்டினேன்.

அன்றைக்குப் பள்ளத்திலிருந்து ஏறிவந்து அந்தப் பாட்டிலை என் சீட்டுப் பக்கத்தில் வைத்தார். "தண்ணி புடிச்சுக்க, இன்னும் வழி இருக்கு" என்றார். மூடி இல்லை, அது பள்ளத்திலேயே போய்விட்டது. பாட்டில் இன்றைக்கும் என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. மங்கிப்போய்விட்டது, ஒரு பக்கம் நசுங்கல். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வீடு வெள்ளையடிக்கிறபோதெல்லாம் என் சம்சாரம் அதைக் குப்பைக்கு எடுத்து வைப்பாள். எதற்கு என்று சொல்லாமலே நான் திரும்ப எடுத்துவந்து ஜன்னலில் வைப்பேன்.