பத்து மாசம் பொறுத்த மூக்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பின்னால், என் தேங்காய்நார்க் கயிறு ஏறாத தோணி தேங்காப்பட்டணத்தில் கிடையாது என்று ஆக்கிக் காட்டினேன். அதற்குக் கைமுதலாக இருந்தது என் மூக்குதான்.

ராஜா காலத்துச் சக்கரக் காசு புழங்கின காலம். தேங்காய் மட்டையை எங்கள் பக்கம் கதம்பல் என்போம். காயலோரம் குழி வெட்டி, கதம்பலை அடுக்கி, ஓலையும் சேறும் போட்டு மூடவேண்டும். பத்து மாசம் அழுகினால்தான் நார் பொன்னாகப் பிரியும். அந்த நாற்றம் ஊரையே தூக்கும்.

அக்காவும் நானும் ஆளுக்கொரு குழி போட்டோம். அவள் வீட்டு ஓலைக்கூரை ஒழுகும். மழை வந்தால் கைக்குழந்தையை மூலைக்கு மூலை மாற்றிக் கிடத்துவாள். குழி தேறினால் ஓடு போடலாம் என்பது அவள் ஆசை.

அவள் புருஷனிடம் சொன்னேன்: “அத்தான், குழியைத் தொடாம இரும். என் நாரிலயும் பாதி தாறேன்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா மக்கா?” என்றார். வாயில் பழங்கள்ளின் புளிப்பும் பீடி வீச்சமும்.

நாலாம் மாசம் போனேன். அக்கா முற்றத்தில் குந்தியிருந்து கதம்பல் அடித்துக்கொண்டிருந்தாள். அழுகாத மட்டை, நார் தோலை விடவில்லை. அவள் உள்ளங்கைதான் பிளந்திருந்தது. அவர் பக்கத்தில் சாய்ந்து பீடி இழுத்தார். மீசையில் கள்நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

“ஏன் வே தோண்டினீரு?”

“பத்து மாசம் கழிச்சு நான் உசிரோட இருப்பேன்னு ஆருலே கண்டா? நாரைக் கொண்டு தந்தா அந்திக்கு ஒரு கலயம்னு கள்ளுக்கடைக்காரன் சொல்லிட்டான்.”

“எத்தன நாளைக்கு?”

“வாற ஞாயிறு வரைக்கும்.”

அக்கா தலை நிமிரவில்லை. “உன் குழியையாவது காத்துக்கலே தம்பி” என்றாள்.

அன்று முதல் என் குழிமேட்டிலேயே ஓலை சாய்த்துக் குடியிருந்தேன். அந்த நாற்றத்தில்தான் கஞ்சி குடித்தேன். ஒரு நாளும் ஓங்கரித்ததில்லை. அத்தான் வந்து பக்கத்தில் நின்றால்தான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

பத்தாம் மாசம் நார் பொன்னாக வந்தது. முதல் வேலையாக அக்கா வீட்டுக்கு ஓடு போட்டேன். சும்மா சொல்லவில்லை, அந்தத் தெருவில் முதல் ஓட்டு வீடு அதுதான்.

முதல் மழைக்குக் குழந்தை நடுவீட்டில் கிடந்து உறங்கியது. அத்தான் பக்கத்தில் மல்லாந்து, கூரையைப் பார்த்துப் புகை விட்டார்.

“பாத்தியா மக்கா,” என்றார், “மனுசன் பதறாம இருந்தா எல்லாம் தானா வந்து சேரும்.”

அக்கா அவருக்குச் சோறு போட்டாள். அவள் வலதுகை அப்போதும் முழுசாக மடங்கவில்லை.