காரைக்காலில் ஆறிப்போன வான்டன் சூப்

1979, தவக்காலத்து வெள்ளிக்கிழமை. காலை நாலரை மணிக்குத் திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் பேருந்து கிளம்பியது. எனக்கும் என் பெரிய அண்ணனுக்கும் டிக்கெட் ஆளுக்கு ஒன்பது ரூபாய் அறுபது காசு. ஜன்னல் ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் ஜன்னல் ஓரம் எப்போதும் அவருடையது. கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள் நான், கிடைத்த இடத்தில் உட்காரப் பழகியிருந்தேன்.

எங்கள் தம்பி அந்துவான் இறந்து அன்றோடு ஒரு வருடம். காரைக்கால்தான் எங்கள் சொந்த ஊர். அங்கிருந்து இளம் வயதிலேயே கப்பலேறிப் போய்ச் சைகோனில் குமாஸ்தாவாக இருந்தான். லான் என்ற வியட்நாம்காரியைக் கோயிலில் வைத்து முறையாகக் கட்டிக்கொண்டான். சண்டை முடிந்த வருடம் மனைவி, மகளோடு காரைக்காலுக்கே திரும்பி வந்தான். அண்ணன் அந்த வீட்டில் ஒருநாளும் கை நனைக்கவில்லை. சாவுக்கு வந்தபோதுகூட நாங்கள் பேருந்து நிலையத்தில்தான் காப்பி குடித்தோம்.

இந்த முறை தம்பி மகள் தெரேஸ் கடிதம் எழுதியிருந்தாள். இருபது வயதுப் பெண், சுற்றி வளைக்காமல் எழுதினாள். ‘அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்து, படத்துக்கு முன்னால் வைத்து, சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அம்மா ஊர் வழக்கம். பெரியப்பா ஒரே ஒரு வேளை சாப்பிட்டால் நாங்கள் இங்கேயே இருப்போம். இல்லையென்றால் கோடைக்குள் பிரான்சுக்குப் போய்விடுவோம். அங்கே இருக்கும் சித்தி கூப்பிடுகிறார்கள்.’ அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். ‘போவோம்’ என்றார். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்பதே கால் மணிக்கு நாகப்பட்டினம். அங்கிருந்து காரைக்கால் இருபது கிலோமீட்டர், ஒரு ரூபாய் நாற்பது காசு. நாகூர் தாண்டி வாஞ்சூரில் எல்லை வருகிறது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் வரிசையாக மதுக்கடைகள். பாதி வண்டி அங்கேயே காலியானது. ‘பக்தருங்கள்லாம் எறங்கியாச்சு, ரைட்!’ என்றார் நடத்துனர். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர.

பத்தரை மணிக்கு வீடு. லான் வாசலுக்கு வந்து, ‘வாங்க, வாங்க’ என்று இரண்டு கையாலும் கும்பிட்டாள். அண்ணன் கூடத்து நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போனேன்.

அங்கே கண்டதை, சைகோனுக்குப் போகாதவர்களுக்காக எழுதுகிறேன். வான்டன் என்பது சீனக் கடைகளில் விற்கும் மாவுப் பொதி. அதற்கான மேல்மாவுத் தாள் காரைக்காலில் எந்தக் கடையிலும் கிடைக்காது. லான் மைதாவை உப்பும் தண்ணீரும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, கண்ணாடிப் புட்டியை உருட்டித் தேய்த்தாள். அடியில் வைத்த விரல் தெரியுமளவுக்கு மெலிந்ததும் மூன்று விரல் அகலச் சதுரங்களாக வெட்டினாள். சோடா உப்புச் சேர்த்த வேறொரு உருண்டையைத் தேய்த்து, மடித்து, கத்தியால் நூல் நூலாக அரிந்தாள். அதுதான் நூடுல்ஸ். அவள் கை போன வேகத்துக்கு என் கண் போகவில்லை.

உள்ளே வைக்கும் பூரணத்துக்குக் காலையிலேயே காரைக்கால்மேட்டுக்கு நடந்துபோய், படகடியில் ஏலம் முடிவதற்குள் இறால் வாங்கி வந்திருந்தாள். அதைக் கொத்தி, வெங்காயத்தாள், மிளகு, பூண்டு சேர்த்திருந்தாள்.

‘இதுக்குப் பன்னிக்கறிதான் வைக்கிறது, அக்கா. இன்னிக்கு வெள்ளி, அதுவும் தவக்காலம், கறி கூடாது. பெரியவங்க சாப்பிடணும்ல. அதான் முழுக்க எறா’ என்றாள்.

‘சூப்புக்கு எலும்பு வேணாமா?’

‘எலும்பு இல்லக்கா. எறாத் தலை, ஓடு. அப்புறம் கணவாய்க் கருவாடு சுட்டுப் போட்டிருக்கேன். தாளிக்கிறதும் கொழுப்பு இல்ல, நல்லெண்ணெய்.’

சட்டியை எட்டிப் பார்த்தேன். சிவக்க வறுத்த ஓடுகள் கொதித்துக்கொண்டிருந்தன. நானும் உட்கார்ந்து மடித்தேன். சதுரத்தின் நடுவில் ஒரு சிட்டிகை இறால், ஓரத்தில் தண்ணீர் தொட்டு முக்கோணமாக மடிப்பு, பிறகு இரண்டு முனையையும் சேர்த்து ஒரு அழுத்து. சோமாசி செய்த கைதான், பத்தாவதிலேயே வசப்பட்டது. ‘அக்கா சைகோன்ல கடை போடலாம்’ என்று லான் சிரித்தாள். மொத்தம் அறுபத்து நான்கு. அதில் இருபத்து மூன்று என் கையால் செய்தவை.

பன்னிரண்டரை மணிக்கு மேசை. முதல் கிண்ணம் அந்துவான் படத்துக்கு முன்னால். அடுத்த கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே எட்டு வான்டன், அதன்மேல் சூடான சூப், பொன்னிறப் பூண்டு. அதை அண்ணனுக்கு முன்னால் வைத்தாள். கரண்டியையும் துடைத்து வைத்தாள்.

அண்ணன் சிலுவை போட்டார். கரண்டியை எடுக்கவில்லை. ‘இது என்னன்னு எனக்குத் தெரியும். தம்பி சைகோன்லேர்ந்து எழுதுவான், நான்தான் வீட்ல சத்தமாப் படிப்பேன். மாவுக்குள்ள பன்னிக்கறி. தவக்காலத்துல இத வச்சிட்டு என்னைய ஒக்காரச் சொல்றீங்களா?’

‘இல்லைங்க. எறாங்க’ என்றாள் லான்.

‘பெரியப்பா, சத்தியமா எறாதான். ஒண்ணப் பிச்சுப் பாருங்க’ என்றாள் தெரேஸ்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். ‘ரீத்தா, நீதான உள்ள இருந்த. நீ சொல்லு.’

லான் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. மாடி வீட்டு நினைப்பு வந்ததா, அண்ணன் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்ததா, இரண்டும்தானா, தெரியவில்லை. விரலிடுக்கில் மாவு காய்ந்திருந்த கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: ‘நான் கவனிக்கலண்ணே.’

அண்ணன் எழுந்தார். நானும் எழுந்தேன். வெட்கங்கெட்டவள் நான், வேறென்ன சொல்ல?

லான் அழவில்லை. உள்ளே போய், அந்துவான் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கில் நூடுல்ஸும் வான்டனுமாகச் சூப்பை ஊற்றி, வாசலில் என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மணிப் பேருந்து. வாஞ்சூர் தாண்டியதும் சோதனைச்சாவடி. பாட்டில் தேடி ஏறிய காவலர் என் மடியைக் காட்டி, ‘தூக்குல என்னம்மா?’ என்றார்.

‘எறா சூப்புங்க. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். எறாவைத் தவிர வேற எதுவும் இல்ல’ என்றேன். நான்கு பேருக்குக் கேட்கும்படி வந்தது என் குரல். யாரோ ஒரு காவலரிடம் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் பயமில்லை.

வண்டி நகர்ந்தது. அண்ணன் வயலைப் பார்த்தபடி சொன்னார்: ‘காரைக்கால்ல பொறந்தவன் நான். எறா வாசனை எனக்குத் தெரியாதா?’

‘அப்புறம் ஏண்ணே?’

‘இன்னிக்கு அங்க சாப்பிட்டா நாளைக்கு அவங்க நம்ம வீட்டுக்கு வருவாங்க. வியட்நாம்காரி பெத்த பொண்ணுக்கு மாப்பிள்ள நாமதான் தேடணும். எந்த வீட்லன்னு போய்க் கேக்குறது?’

‘அதுக்கு என்னைய ஏன் கேட்டீங்க?’

‘நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்.’

இரவு எட்டுக்குத் திருச்சி. மாடியில் தனியாகத் தூக்கைத் திறந்தேன். நூடுல்ஸ் கூழாகியிருந்தது, வான்டன்கள் உடைந்து இறால் அடியில் கிடந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். ஆறியும் நன்றாகத்தான் இருந்தது.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. மே மாதம், அண்ணனிடம் சொல்லாமல், தூக்கு நிறைய அச்சு முறுக்கோடு தனியாகப் போனேன். அதே வண்டி, அதே கட்டணம், ஜன்னல் ஓரம் எனக்குத்தான். வீடு பூட்டியிருந்தது.

‘அவங்க போயிப் பத்து நாளாச்சுங்களே’ என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

‘விலாசம் கொடுத்தாங்களா?’

‘கேட்டேங்க. எங்களுக்கு எழுத இங்க யாரு இருக்கான்னுச்சு அந்தப் பொண்ணு.’

அடுத்த பேருந்திலேயே திரும்பினேன். சோதனைச்சாவடியில் தூக்கைத் திறந்து பார்த்த காவலரிடம், காலையில் திருச்சியிலிருந்து கொண்டுபோனது என்றேன். அவர், ‘பலகாரத்த ஊருக்குக் கொண்டுபோயிட்டு அப்படியே திருப்பிக் கொண்டாறீங்களே, அங்க சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்மா?’ என்று கேட்டார்.

இருந்தார்கள் என்றேன்.