மேலே தனியாக நின்ற புள்ளி

வீட்டில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லிவிடுவாள். கல்லூரியில் உளவியல் எடுத்தபோதும் அப்படித்தான். வகுப்பு தொடங்குமுன்பே, ஆராய்ச்சிக்குத்தான் போகப் போகிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டாள். இவளைப் பார்த்துத்தான் சித்தி மகளும் அதே வகுப்பில் சேர்ந்தாள். அவள் ஊமைக்கோட்டான்.

கடைசி வருடம் பேராசிரியர் தன் ஆய்வகத்தில் உதவிக்கு ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். இருந்தது ஒரே இடம். அது சித்தி மகளுக்குப் போயிற்று.

முந்திரிக்கொட்டைக்கு வயிறு எரிந்தது. ஆய்வகச் சாவி சித்தி மகளின் பையில் சத்தம் போடும்போதெல்லாம் எரிந்தது. அம்மா வேறு, "கமுக்கமா இருந்தே சாதிச்சுட்டா பாரு" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

அந்தச் சித்தி மகளுக்குத் தனியாக ஒரு சின்னச் சோதனை நடத்தவும் வாய்ப்புக் கிடைத்தது. கணினித் திரையில் முகங்கள் வரும். நடுவே நட்சத்திரம் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறோம் என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். சோதனைக்கு உட்கார ஆள் கிடைக்காமல் அவள் திண்டாடினாள்.

"நான் வர்றேன்டி" என்றாள் முந்திரிக்கொட்டை, வாயில் தேன் ஒழுக.

அவளுக்கு அழுகிற முகங்களாக வந்தன. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டு, ஆற அமர அழுத்தினாள். நாசமாகப் போகட்டும் இந்தச் சோதனை. வெளியே வந்தபோது மனசு குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

முடிவு வந்த அன்று சித்தி மகள் அவளைக் கையைப் பிடித்து ஆய்வகத்துக்கு இழுத்துப் போனாள். திரையில் ஆளுக்கொரு புள்ளியாக ஒரு வரைபடம்; தாமதமாக அழுத்த அழுத்தப் புள்ளி மேலே போகும்.

"பாதிப் பேருக்கு அழுற முகம், பாதிப் பேருக்குச் சாதாரண முகம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். அழுற முகம் பார்த்தவங்களுக்குக் கை தாமதமாகும்னு நெனச்சோம். அப்படியே வந்திருக்குடி. சார் என்னை மாநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறாராம்."

சோதனைக்கு உட்காருகிறவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரியாது. முதல் வருடப் பாடம் அது. முந்திரிக்கொட்டை முழு மதிப்பெண் வாங்கிய பாடம்.

சித்தி மகள் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நின்ற ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். "இந்த ஒரு ஆள் இல்லேன்னா வித்தியாசமே வந்திருக்காது. எல்லாரும் வெறும் நம்பர்தான், அதனால யாருன்னு தெரியாது. இதை எடுத்துடலாமான்னு சாரைக் கேட்டேன். காரணமில்லாம நீக்கக் கூடாதுன்னுட்டார். யாரோ பாவம், ரொம்ப இளகின மனசு."

சித்தி மகளைத் தன் கையாலேயே தூக்கிவிட்டிருக்கிறோம் என்று நினைக்க முந்திரிக்கொட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு மாநாடு கிடையாது. சொன்னால் தன்னையும் இனி எந்த ஆய்வகமும் வாசலில் சேர்க்காது. தெரிந்தேதான் சொன்னாள். நேர்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. பொறாமை தாங்காமல் சொன்னாள்.

"அது நான்தான். வேணும்னே லேட்டா அழுத்தினேன்."

சித்தி மகள் சிரித்துவிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"எனக்குன்னு இது ஒண்ணுதான்டி வந்திருக்கு. இதுலயும் உனக்குப் பங்கு வேணுமா?"