மயிலுக்கு மட்டம் பார்த்த கதை

எங்கள் வாசலில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது. கியா பார்ம் செடிக்கடையில் வாங்கும்போது அதில் பேரெழுதி ஒரு சீட்டுத் தொங்கியது. எனக்கு எழுத்து எங்கே தெரியும்? அதனால் இன்றுவரை அது வெறும் செடிதான். வாங்கும்போது முழங்கால் உயரம், பொடிப்பொடி இலை. அப்புறம் தலைவாராத பிள்ளை மாதிரி நாலாபக்கமும் சிலுப்பிக்கொண்டு வளர்ந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது. அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து யார் எந்தப் பையோடு திரும்புகிறார்கள், எல்லாம் தெரியும். என்னை ஒருத்தருக்கும் தெரியாது. தேயிலைத் தோட்ட வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு வாய்த்த ஒரே உத்தியோகம் அது.

மருமகளுக்கு ஆகவில்லை. மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளும்போதெல்லாம் கிளை முகத்தில் அடிக்கிறதாம். சனிக்கிழமை வந்து தொட்டியோடு தூக்கிக்கொண்டு போகும்படி காய்கறி லோரிக்காரரிடம் சொல்லியே விட்டாள்.

வெட்டி அழகாக்கித் தருகிறேன், பிடித்தால் வைத்துக்கொள் என்றேன்.

"என்னா அழகு, அத்த?"

"மயிலு."

ஏன் அப்படிச் சொன்னேனோ! ஒரு ஹோட்டல் வாசலில் செடியை யானையாக வெட்டி வைத்திருப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். தும்பிக்கை தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கும், போகட்டும், யானைதான். யானை இடத்தை அடைக்கும், மயில் ஒல்லி என்பது என் கணக்கு. தோகையை நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மருமகள் வேலைக்குப் போனதும் கத்தரியை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரி தேத்தண்ணீர்க் குவளையோடு வேடிக்கை பார்க்க வந்தாள். அவளும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள்.

கழுத்து நன்றாகத்தான் வந்தது. தலைக்கென்று ஒரு கொத்தை விட்டிருந்தேன். பக்கத்தைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் கொத்தைக் காணோம். என் கைதான் கிள்ளியிருக்கிறது! தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். தோட்டத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். செடி மேலே கம்பை வைத்து மட்டம் பார்த்து, மீறிய எதையும் விடாமல் எடுத்த கை இது. மயில் தலையென்றா பார்க்கும்?

"மயிலுக்கு தல எங்கலா?" என்றாள் அவள்.

"இப்பதான் இருந்துச்சு."

சரி, தோகையாவது இருக்கட்டும் என்று பின்பக்கம் போனேன். அதற்குள் அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டு, தோகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் கிள்ளினாள். நான் இன்னொன்றைக் கிள்ளினேன். அப்புறம் எங்களை யார் நிறுத்துவது? அவள் வீட்டுக்கு ஓடித் துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்து செடி மேல் படுக்க வைத்தாள். அவள் பக்கம் ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. அதையும் இறக்கினோம். பக்கங்களையும் ஒட்ட வெட்டினோம்.

முடித்தபோது தொட்டியில் நின்றது அசல் தேயிலைச் செடி. தட்டு மாதிரி மட்டம். கங்காணி பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

சாயங்காலம் மருமகள் மோட்டாரை அணைத்துவிட்டு நின்றாள்.

"மயிலு எங்க, அத்த?"

எனக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்: "பறந்துருச்சு."

மருமகள் சிரிக்கவில்லை. போச்சு, நாளைக்கு லோரிதான் என்று நினைத்தேன். மோட்டாரை உள்ளே தள்ளினாள். கிளை அடிக்கவில்லை. சாவி தேட இரண்டு கையும் வேண்டியிருந்ததால், ஹெல்மெட்டைக் கழற்றிச் செடி மேல் வைத்தாள். அது கொஞ்சமும் சாயாமல் உட்கார்ந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"லோரிக்காரர வர வேணாம்னு சொல்லிடுறேன்," என்றாள்.

தொட்டி தப்பியது. என் மறைவுதான் போனது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் செடி கழுத்து வரைதான் வருகிறது. போகிற வருகிறவர்களெல்லாம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் மருமகள் வேலை விட்டு வந்ததும் ஹெல்மெட் அங்கேதான் ஏறுகிறது. பசார் கூட்டம் திரும்புவதும் அதற்கப்புறம்தான். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். ஹெல்மெட் என் முகத்துக்குச் சரியாக இருக்கிறது.