தானாப் போய்ச் சொன்னால்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற வித்தையை என்ரை மனிசனிட்டைத்தான் படிக்கவேணும்.

ஜான்-டலோன் சந்தையிலை கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிக்கிறன், போன் அடிக்குது. இவரோடை வேலை செய்யிற கியூபெக்காரன் ஒருத்தன் அண்டைக்கு இவரை மான் வேட்டைக்கெண்டு வடக்குக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

"இஞ்சரும், ஒரு பிழை நடந்துபோச்சு" எண்டார்.

ஆளைக் கீளைச் சுட்டுப்போட்டாரோ எண்டுதான் முதல் நினைச்சன். நல்லகாலம், மான்தான். ஆனாப் பெட்டை மான். அந்தப் பகுதியிலை கொம்பு வைச்ச ஆண் மானைத்தான் சுடலாமாம். பின்னாலை நிண்ட பட்டமரத்தின்ரை கொப்பை இவர் கொம்பெண்டு நினைச்சிட்டார்.

"ஆர் கண்டது? விட்டிட்டு வாங்கோ."

"இவனும் அதைத்தான் சொன்னவன். நான் வனவிலங்குக் கந்தோருக்கு அடிச்சுச் சொல்லிப்போட்டன். ஆள் வருகுதாம்."

"உங்களுக்கென்ன விசரோ?"

நான் கத்தின கத்தலிலை கடைக்காரன் தராசை விட்டிட்டு என்னைப் பாத்தான். அகதியா வந்த எங்களுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கேல்லை. பெரிய சத்தியசீலர், கையிலை துவக்கோடை நிண்டு, சட்டத்தை மீறிப்போட்டன் வாங்கோ எண்டு கூப்பிடுறார்! அடுத்த சொல்லுச் சொல்லமுன்னம் லைன் அறுந்துபோச்சு. திருப்பித் திருப்பி எடுத்தன். பிரெஞ்சிலை பதிஞ்சு வைச்ச ஒரு பொம்பிளைக் குரல்தான் வந்துது.

வில்லரேயிலை இருக்கிற எங்கடை வீட்டுக்கு எப்பிடி வந்து சேர்ந்தன் எண்டே தெரியாது. அடுப்பு மூட்டேல்லை. ஜன்னலடியிலையே நிண்டன். எனக்கு வேட்டைச் சட்டம் தெரியாது. சீருடைக்காரரைத் தெரியும்.

ஊரிலை சண்டை முடிஞ்சு எங்களை முகாமுக்குக் கொண்டுபோன நேரம், ஆமிக்காரர் ஒலிபெருக்கியிலை சொன்னாங்கள்: ஒரு நாள் இயக்கத்திலை இருந்தாலும் தானா வந்து சொல்லுங்கோ, சொன்னா மன்னிப்பு. என்ரை தம்பியை இயக்கக்காரர் கட்டாயத்திலை பிடிச்சுக்கொண்டு போய்ச் சேர்த்தவை. "உண்மையைச் சொன்னா ஒண்டும் செய்யாங்கள், போ மோனை" எண்டு அம்மாதான் அனுப்பினவ. பஸ்சிலை ஏத்தினதைக் கண்டனாங்கள். இறக்கினதை ஒருத்தரும் காணேல்லை.

நல்லா இருட்டினாப் பிறகு வெளிப்படியிலை சப்பாத்துச் சத்தம் கேட்டுது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தன். இவர்தான். தனியத்தான்.

"வந்த அதிகாரி மானைப் பறிச்சுக்கொண்டு போயிட்டான். ஒளிச்சிருந்தாத் துவக்கும் போயிருக்குமாம், பெரிய குற்றப்பணமும் வந்திருக்குமாம். தானாச் சொன்னபடியால் எச்சரிக்கையோடை விட்டிட்டான். பாத்தீரே, உண்மைக்கு மதிப்பிருக்கு!"

முகமெல்லாம் பல்லாய், அப்பிடி ஒரு புளுகம். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது.

"வேறை என்ன சொன்னவன்?"

"என்னத்தைச் சொல்லுறது... சொன்னதுக்கு மெர்சி, நன்றி எண்டான். பேந்து, இருட்டுது, கவனமா வீட்டை போங்கோ எண்டான்."

அதுக்குமேலை என்னாலை நிக்கேலாமல் போச்சு. வாசல்படியிலை குந்திக் குளறி அழுதன். இவர் பயந்துபோய், மான் செத்ததுக்குத்தான் அழுகிறன் எண்டு நினைச்சு, "இனித் துவக்கே தொடமாட்டன், சத்தியமா" எண்டு என்ரை தலையைத் தடவுறார்.

"மானுக்கில்லையப்பா" எண்டன். "என்ரை தம்பியும் தானாத்தானே போய்ச் சொன்னவன். அவனை வீட்டை போ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."