பதினேழாவது நிமிடத்துக் கீறல்

இந்த நாட்டில் யாரும் பொருள்களை அடிப்பதில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். நானும் பத்து வருடமாகப் பார்க்கிறேன், டிவி தலையில் ஒரு தட்டு, ரிமோட் முதுகில் ஒரு குத்து, ம்ஹூம், எதுவும் கிடையாது. காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுப் பொருள் எதுவும் அடி வாங்காமல் வேலை செய்ததில்லை. பாரிஸுக்கு வெளியே இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவிடி பிளேயரை நான் ஓங்கி அறைந்தேன். எதிர்வீட்டு ஜெரார் உடனே வந்து கதவைத் தட்டி, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார். பிளேயரைத்தான் அடித்தேன் என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டி என் மனைவியைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

பாதியில் நின்று மானத்தை வாங்கியது என் தங்கை மகளின் காதுகுத்து டிவிடி. விழா அம்பகரத்தூர் கோயிலில் நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனுக்கு இங்கே லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா மகன் மடியைக் கொடுத்தான். படத்திலாவது பார்ப்போம் என்று போட்டால், பதினேழாவது நிமிடத்தில், பத்தர் ஊசியைக் கையில் எடுக்கும் நேரத்தில், படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. நாலு முறை போட்டேன், நாலு முறையும் அதே இடம்.

தங்கை வசந்தாவின் கணவன் செந்தில் காரைக்காலில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். படம் பிடித்தது, எடிட் செய்தது, டிஸ்க்கில் ஏற்றியது எல்லாம் அவனே. பென்டிரைவில் கொடுப்பா என்றால், டிஸ்க்தான் மரியாதை என்பான். அவனுக்குப் போன் செய்தேன்.

"மச்சான், நம்ம டிஸ்க்ல ஒரு கொறையும் இருக்காது. முழுசா ஓட்டிப் பாத்துட்டுத்தான் வசந்தாகிட்ட குடுத்தேன், அவதான் தபால்ல போட்டா. வட்டமா தொடைக்காதீங்க, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா நேரா தொடைங்க. மேல ஒட்டுன ஸ்டிக்கர பிச்சுருங்க. அப்பவும் ஓடலன்னா, வழியில அடி வாங்கியிருக்கும்."

துடைத்தேன். ஸ்டிக்கரைப் பிய்த்தேன். அதில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையின் முகம் இரண்டாகக் கிழிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளேயர் இன்னொரு அறை வாங்கியது. ஜெரார் இரண்டாவது முறை வந்தபோது டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "மால் கிராவே" என்றார். எனக்குப் பழக்கமான வார்த்தை "பா கிராவ்". ரயிலில் காலை மிதித்தாலும் சட்டையில் காப்பியைக் கொட்டினாலும் இங்கே அதைத்தான் சொல்வார்கள், ஒன்றும் பெரிதாக இல்லை என்று. கிராவ் என்றால் ஆபத்து. மால் என்றால் வலி. நான் பதறிப்போய் "யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, டிஸ்க்கைச் சரியாக எழுதவில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வோம் என்றார். பிறகு விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார், சிரிப்பு நின்றுவிட்டது. எழுதியதில் கோளாறு இல்லை, இது கீறல் என்றார். ஒரே இடத்தைச் சுற்றி வட்டமாக மூன்று கோடுகள். தபாலில் விழும் கீறல் குறுக்கே ஓடும், இப்படிச் சுற்றி வராது. யாரோ ஊசியால் பொறுமையாக இழுத்திருக்கிறார்கள்.

அவருடைய கணினியில் ஏதோ மென்பொருளைப் போட்டு, கெட்டுப்போன இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார். சாயங்காலம் பதினேழாவது நிமிடம் அரைகுறையாக வந்தது. குழந்தை மடியில் இருக்கிறது. வசந்தா பின்னால் நின்று குனிந்து அதன் தலையைப் பிடிக்கிறாள், அவள் தலை குழந்தையின் முகத்தை மறைக்கிறது. கேமராவுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு முதுகு உள்ளே போகிறது. ஒரு கை ஓங்குகிறது. வசந்தாவின் தலை பக்கவாட்டில் போய்த் திரும்புகிறது. முதுகு கேமராவுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. அவள் முந்தானையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டு நகர்ந்து நின்று, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். குழந்தை வீறிட்டு அழுகிறது. அதன் காதில் இன்னும் ஊசி படவில்லை. சுற்றி நின்ற சொந்தங்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அடித்ததைவிட, அதை செந்தில் வெட்டி எறியாததுதான் என்னைக் கொன்றது. பூப்பூவாகத் தூவவும் இதயம் இதயமாகப் பறக்கவிடவும் நேரம் இருந்தவனுக்கு அந்த அறை வெட்டுவதற்குரிய பிழையாகவே தெரியவில்லை. எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் எங்களுக்கு நாசியோனாலித்தே, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, உண்டு. அதற்காகவே அவளைக் கட்டினான் என்று ஊர் சொன்னது. அவன் விசா இழுத்துக்கொண்டே போக, கை நீண்டுகொண்டே போயிருக்கிறது. போலீஸைக் கூப்பிடு என்றார் ஜெரார். எந்த ஊர்ப் போலீஸை?

மறுநாள் செந்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் வசந்தாவைப் போனில் பிடித்தேன்.

"எதால கீறுன?"

"சேஃப்டி பின்னால. கீறிக் கீறிப் போட்டுப் பாத்தேன்ணே. மூணாவது தடவதான் நின்னுச்சு."

"ஏன்டி மறைச்ச? நான் வர்றேன். அவன் கைய ஒடிச்சு..."

"அதுக்குத்தாண்ணே கீறுனேன். நீ பாத்தா அடிக்கத்தான் வருவ. அடிச்சுட்டு நீ பிளேன் ஏறிடுவ. அப்பறம் அது எம்மேலதானே விழும்? ஒன் கை எனக்குத் தெரியாதா?"

தெரியும். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனோடு பேசினாள் என்று கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்தில், நாலு பேர் பார்க்க, அவளை நான் அறைந்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அப்பா கேட்டபோது, குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். காட்டிக்கொடுக்காத தங்கை என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. இவளுக்கு முதன்முதலாக மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

"அண்ணே, இருக்கியா? ரெண்டு பாஸ்போர்ட்டையும் அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன். காதுகுத்து முடிஞ்ச அன்னிக்கே எடுத்து ஒளிச்சுட்டேன். அடிக்க வராதண்ணே. கூட்டிட்டுப் போக வா. வந்து அவரோட ஒக்காந்து சிரிச்சுப் பேசி ஒரு வேள சாப்புடு. எனக்கும் பாப்பாவுக்கும் மெட்ராஸ் காட்டிட்டு வர்றேன்னு சொல்லு. ஒன்னால முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். சொல்லும்போது விரல்கள் மடங்கித்தான் இருந்தன.

அன்றே டிக்கெட் போட உட்கார்ந்தேன். எனக்குப் போக வர. அவளுக்கும் குழந்தைக்கும் வர மட்டும். ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. எனக்கு அது வீடு திரும்பும் பயணம், அவளுக்கு வீட்டைவிட்டு ஓடும் பயணம். இரண்டு பேருக்கும் ஒரே வீடாக இருந்தது எப்போது என்று யோசித்தபடி, அவர்களுடைய ரெத்தூர் தேதியை, திரும்பும் தேதியை, காலியாக விட்டு அழுத்தினேன். ஒருவழிப் பயணம் என்று முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும், அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. கட்டம் சிவப்பாகிவிட்டது. இவர்கள் எப்போது திரும்புவார்கள், இவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கணினி கேட்டுக்கொண்டே இருந்தது.