நான்காம் புள்ளியில் மூன்று நிமிடம்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கு நடக்கவில்லை, என் அக்காவுக்கு நடந்தது. அதனால்தான் நம்புகிறேன். பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே அக்கா மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். சொன்னவர் அத்தோடு பேச்சை மாற்றிக்கொள்வார்.

அவளுக்குப் பறவை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. காட்டிலிருந்து வரும் கணக்கெடுப்புத் தாள்களைத் தலைமை அலுவலகத்தில் சரிபார்ப்பாள். அவளுக்கு ஒரு மேலதிகாரி. அக்கா வைத்த பெயர் ஸ்லைடு சார். காட்டைத் திரையில் காட்டச் சொன்னால் இரண்டு மணி நேரம் காட்டுவார். காட்டில் கால் வைக்கச் சொன்னால் ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். சேறே ஒட்டாத அந்த ஷூவைப் பார்த்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். ஒரு பழைய கல்குவாரி. வெட்டித் தீர்த்துவிட்டுப் போன பள்ளத்தில் பதினோரு வருடமாக மண் கொட்டி, அந்தப் பகுதிக்கே உரிய மரங்களை நட்டு, மறுபடியும் காடாக்கியிருந்தார்கள். அழிவின் விளிம்பில் இருந்த ஒரு தரைக்குருவி அங்கே திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு குருவி பதிவானாலும் அது பாதுகாக்கப்பட்ட நிலம். இல்லையென்றால் குத்தகை மறுபடி குவாரிக்காரனுக்கு. கடைசிக் கணக்கெடுப்பு அந்த வெள்ளிக்கிழமை.

காட்டில் நான்கு இடங்களில் குச்சி நட்டு எண் எழுதியிருப்பார்கள். புள்ளி என்பார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அசையாமல், பேசாமல் பத்து நிமிடம் நின்று, காதில் விழுந்ததை எழுத வேண்டும். ஒரு நிமிடம் குறைந்தாலும் செல்லாது. ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குருவி கத்தாது. நான்காம் புள்ளி மரத்தில் ஒரு ரெக்கார்டரும் கட்டியிருக்கும். ஆனால் மனிதன் நின்று எடுத்த கணக்கு இல்லாமல் ரெக்கார்டரை மட்டும் ஏற்க மாட்டார்கள்.

அங்கே நிற்கும் வேலை பார்த்தவருக்குப் பட்டப்பெயரே 'பத்து நிமிஷம்'. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், நிமிடத்துக்கு ஒருமுறை 'பீப்' என்று ஒலிக்கும். மழை கொட்டினாலும் சரி, காலில் அட்டை ஏறினாலும் சரி, பத்தாவது பீப் வரைக்கும் மனிதர் நகர மாட்டார். அக்கா மதித்த மூன்று நான்கு பேரில் அவர் ஒருவர். அந்தப் பட்டியலில் நான் இல்லை.

கடைசியாக வந்த இரண்டு தாள்களிலும் எல்லாம் பூஜ்யம். கீழே அவர் கையெழுத்து.

"அவர் நேத்துலேருந்து லீவும்மா. இந்தத் தடவை நீயே வந்து நின்னுடு" என்றார் ஸ்லைடு சார்.

ஐந்தரைக்குக் காட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய ஜீப் ஆறு மணிக்குத்தான் சேர்ந்தது. ஸ்லைடு சார் தூங்கிவிட்டாராம். முதல் புள்ளி, 6.05. பூஜ்யம். இரண்டாவது, 6.20. பூஜ்யம். மூன்றாவது, 6.36. பூஜ்யம்.

பாதையோரம் ஜீப் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"நாலாவதுக்கும் பூஜ்யம்னே போட்டுடும்மா. எனக்கு ஒம்போது மணிக்கு மீட்டிங்."

"நீங்க கண்ணாடிய ஏத்திக்கோங்க சார். பனி உள்ள வந்துடப் போகுது."

சொல்லிவிட்டு நடந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான்காம் புள்ளிக்குப் போனபோது மணி 6.53. அங்கே யாரும் இல்லை. இனி பத்து நிமிடம் நின்றால் ஏழு தாண்டிவிடும். அந்தத் தூங்குமூஞ்சியால் ஒரு காடே போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. குனிந்து தாளில் புள்ளி எண்ணை எழுதினாள்.

நிமிர்ந்தாள்.

குச்சிக்குப் பக்கத்தில் 'பத்து நிமிஷம்' நின்றிருந்தார். முதுகு இந்தப் பக்கம். எப்போதும் போடும் பச்சை மழைக்கோட்டு.

"லீவுன்னு சொன்னாங்க?"

திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். கணக்கு ஓடுகிறது, பேசாதே என்று அர்த்தம். மணி 6.54. அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

பீப்.

6.55. அதுவரை இரைந்துகொண்டிருந்த பூச்சிகள் சட்டென்று அடங்கின. எல்லாமே... ஒன்றாக.

பீப்.

6.56. அக்காவின் தலை நனைந்து சொட்டியது. அவருடைய கோட்டில்... ஒரு துளி ஈரம் இல்லை.

அவள் கீழே பார்த்தாள். இடுப்பளவு புல். அவள் வந்த வழியில் மிதிபட்டுக் கிடந்தது. அவரைச் சுற்றி...

ஒரு புல்கூட மடங்கவில்லை.

அப்போது கத்தியது. தரையோரமாக, மெல்லிய விசில் போல. ஒரே ஒரு முறை.

அவர் ஒரு விரலை உயர்த்தினார்.

பீப்.

6.57.

அக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

யாரும் இல்லை.

அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லையாம். ஆத்திரம்தான் வந்ததாம். பனியில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மூன்றே நிமிடம் நின்றுவிட்டுப் புதருக்குள் நழுவிவிட்டார், இந்த மனுஷனும் ஸ்லைடின் ஆளாகிவிட்டார் என்று பல்லைக் கடித்தாள். குருவி: ஒன்று. நேரம்: 6.54 முதல். கால அளவு: மூன்று நிமிடம். அந்த மூன்றை எழுதும்போதே அந்தத் தாள் செல்லாது என்று அவளுக்குத் தெரியும்.

ரெக்கார்டரைக் கழற்றிக்கொண்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று நேரே அவர் வீட்டுக்குப் போனாள். மணி 8.10. மனைவிதான் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. ஆபீஸ்லேருந்து இப்பவாவது வந்தீங்களே."

"அவரு இல்லையா?"



"உங்களுக்குச் சொல்லலையா? அவரு போய் இருபத்திமூணு நாளாச்சு. நாலாம் நம்பர் குச்சிகிட்டயே விழுந்து கெடந்தாரு. காலைல போனவர, பதினோரு மணிக்குத்தான் பாத்தாங்க. ஆபீஸுக்கு நானே சொல்லிக்கறேன்னு உங்க சார்தான் சொன்னாரு."

இருபத்திமூன்று நாள். கடைசி இரண்டு தாள்களும் அதற்குப் பிறகு வந்தவை. செத்த மனிதரின் கையெழுத்தை யார் போட்டிருப்பார் என்று அக்காவுக்குப் புரிந்தது. ஸ்லைடு சார் மேல் அதுவரை இருந்தது வெறும் இளக்காரம்தான். அந்த நிமிடம் காறித் துப்பலாம் போலிருந்தது என்றாள்.

"விழும்போது கைல அந்த வாட்சு இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "கல்லுல பட்டு நின்னு போயிருந்துச்சு. சரியா ஏழு நிமிஷம். இன்னும் மூணு நிமிஷம் பாக்கின்னு நெனச்சா எனக்கு மனசே ஆறல. நான் அதுல ஒரு பட்டனக்கூட அமுக்கல. அப்படியே பீரோல வெச்சுப் பூட்டிட்டேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து அக்காவின் கையில் வைத்தார்.

கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பட்டனில் சேறு காய்ந்திருந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

10:00.

அந்த இடம் இன்றைக்கும் காடாகத்தான் இருக்கிறது. ரெக்கார்டரில் குருவியின் குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று பீப். ஸ்லைடு சார் இப்போது வேறு எங்கோ, வேறொரு காட்டைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறாராம். அக்கா அவர் பேச்சை எடுப்பதே இல்லை. அன்றைய தாளின் நகலை மட்டும் என்னிடம் காட்டினாள். கால அளவு என்ற இடத்தில் மூன்று என்று எழுதி, அடித்து, பக்கத்தில் பத்து என்று எழுதியிருக்கிறாள்.